தெஹிவளை வீட்டில் ஒரு செருகுபலகை

சென்ற மாதம் தெஹிவளையில் என் தங்கை வீட்டுக்குச் சென்றிருந்தேன். காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒழுங்கைகளில் ஒன்றில், புகையிரதப் பாதைக்கு அண்மையில் இருக்கிறது அந்த வீடு. மேல்மாடி அறையொன்றை மருமகன் தன் இசைக்கூடமாக மாற்றி வைத்திருக்கிறான். இரண்டு சின்தசைசர்கள், தரையில் வரிசையாக ஏழெட்டு எஃபெக்ட் பெடல்கள், ஒரு கணினி. இவற்றுக்கு நடுவே ஒரு கறுப்புப் பெட்டி. அதன் முகப்பில் மேலே 24, கீழே 24 என 48 துளைகள். ஒரு முழம் நீளமுள்ள கம்பிகள் பல நிறங்களில் துளைக்குத் துளை பாய்ந்து தொங்கின. வேடிக்கை பார்த்தபடி ஒரு கம்பியைத் தொட்டேன்.

"மாமா, அதைக் கழட்டிப் போடாதையுங்கோ! பிறகு எப்பிடிக் குடுத்தனான் எண்டு எனக்கே ஞாபகம் வராது."

"ஏன், எழுதி வைக்கேல்லையோ?"

"இல்லை மாமா."

நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பத்திரிகைத் தொழிலில் இருந்தவன் நான். எழுதி வைக்காததால் நாம் எவற்றையெல்லாம் இழந்தோம் என்பதை ஓரளவு அறிவேன். அந்த இழப்புகளில் என் பங்கும் உண்டு. அதைச் சொல்வதற்கு முன் அந்தப் பெட்டியின் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

அதன் பெயர் பேட்ச்பே. தமிழில் செருகுபலகை எனலாம். வேலை எளிது. ஒவ்வொரு கருவியிலிருந்தும் வரும் கம்பிகளைப் பெட்டியின் முதுகில் நிரந்தரமாகச் செருகிவிடுவார்கள். ஒலி வெளியேறும் வாய்கள் மேல் வரிசைக்கு; ஒலி நுழையும் வாய்கள் கீழ் வரிசைக்கு. அதன் பிறகு மேசைக்கடியில் தவழ்ந்து கம்பி மாற்ற வேண்டியதில்லை. முகப்பில் ஒரு சிறு கம்பியைச் செருகினால் போதும். சின்தசைசரின் ஒலியை முதலில் எதிரொலிப் பெடலுக்கும் பிறகு கரகரப்புப் பெடலுக்கும் அனுப்பலாம். வரிசையைப் புரட்டியும் அனுப்பலாம். வரிசை மாறினால் ஒலியும் மாறும். எதிரொலியைக் கரகரப்பாக்குவது வேறு, கரகரப்பை எதிரொலிக்கச் செய்வது வேறு.

இதில் ஒரு நுட்பம் உண்டு. முகப்பில் எதுவும் செருகப்படாதபோது, மேல் துளைக்கு வரும் ஒலி உள்ளுக்குள்ளேயே நேர்கீழ்த் துளைக்கு இறங்கிவிடும்படி அமைத்திருப்பார்கள். கீழ்த் துளையில் செருகினால் அந்த உள்வழி அறுந்து புதிய வழி திறக்கும். மேல் துளையில் மட்டும் செருகினால் உள்வழி அறுவதில்லை; ஒலியின் ஒரு பிரதி மட்டும் வெளியே கிடைக்கும். இதை 'ஹாஃப் நோர்மல்' என்கிறார்கள். மருமகன் முதலில் ஒரு பெடலின் வெளிவாயை மேலேயும் அதே பெடலின் உள்வாயை அதற்கு நேர்கீழேயும் பொருத்திவிட்டானாம். பெடல் தன் குரலைத் தானே விழுங்கி ஊளையிட்டிருக்கிறது. தங்கை பதறிக்கொண்டு மாடிக்கு ஓடினாளாம். முதல் பெடலின் வெளிவாய்க்கு நேர்கீழே இரண்டாம் பெடலின் உள்வாய் வரவேண்டும் என்பது அன்று கற்ற பாடம்.

இன்னொரு சிக்கல் ஒலியின் வலு. பெடல்கள் பெரும்பாலும் கிட்டாரின் மெல்லிய மின்சைகைக்காகச் செய்யப்பட்டவை. சின்தசைசரிலிருந்து வருவது அதைவிடப் பலமானது. அப்படியே அனுப்பினால் பெடல் திணறி ஒலி சிதையும். ஆகவே போகும் வழியில் வலுவைக் குறைத்து, திரும்பும் வழியில் கூட்ட வேண்டும். இவற்றோடு தெஹிவளைக்கே உரிய தொல்லை ஒன்றும் சேர்ந்துகொள்கிறது: கடற்காற்று. உப்பு ஏறித் துளைகளுக்குள் இருக்கும் உலோக நாக்குகள் கறுக்கும். ஒலி கொரகொரக்கும், சில வேளை அறவே நின்றுவிடும். ஒரு கம்பியைச் செருகி நாலைந்து தடவை இழுத்துவிட்டால் நாக்கு துலங்கி ஒலி திரும்பும். பாவிக்காத இணைப்புகளே முதலில் பழுதாகின்றன என்றான் மருமகன்.

அந்தத் துளைகளைப் பார்த்தபோது எனக்கு நினைவு வந்தது இசையல்ல. எங்கள் பத்திரிகை அலுவலகத்து வாசலில் இருந்த தொலைபேசிப் பலகை. காதில் கேள்கருவி மாட்டிய பெண்மணி ஒருவர் கம்பிகளைக் குத்தியும் உருவியும் எங்களை ஊருலகத்தோடு இணைத்துக்கொண்டிருப்பார். என் நினைவு தவறான இடத்துக்குப் போகவில்லை. இந்த இரண்டும் ஒரே குடும்பம்.

முதலாவது வர்த்தகத் தொலைபேசி நிலையம் 1878 ஜனவரியில் அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் திறக்கப்பட்டது. அதே ஆண்டு செப்டெம்பரில் பொஸ்டனில் எம்மா நட் என்பவர் முதலாவது பெண் தொலைபேசி இயக்குநராக வேலைக்குச் சேர்ந்தார். பலகைகள் பெருகப் பெருக, கம்பியை விரைவாகச் செருகவும் உருவவும் ஏற்ற முனை தேவைப்பட்டது. அப்படிப் பிறந்த 6.35 மில்லிமீற்றர் முனையின் வழித்தோன்றல்தான் இன்று கிட்டாரிலும் சின்தசைசரிலும் செருகப்படுகிறது. நூற்றாண்டு கடந்தும் உருவம் பெரிதாக மாறாத மின்பொருட்கள் மிகச் சில. அவற்றில் இது ஒன்று.

தொலைபேசியிலிருந்து இது வானொலிக்கு வந்தது. இலங்கையில் வானொலியைத் தொடக்கிவைத்தவர்களே தந்தித் திணைக்களத்தார்தாம். தலைமைப் பொறியியலாளராக வந்த எட்வர்ட் ஹார்ப்பர் 1920களின் முற்பகுதியில் கொழும்புத் தந்தி அலுவலகத்தில் இசைத்தட்டுகளைச் சுழலவிட்டுப் பரிசோதனை ஒலிபரப்பு நடத்தினார். 1925 டிசம்பர் 16ஆம் திகதி கொழும்பு வானொலி முறைப்படி தொடங்கியது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் கொழும்பிலிருந்து இயங்கிய 'றேடியோ சியாக்' என்ற படைத்துறை நிலையம் 1949இல் இலங்கை அரசின் கைக்கு வந்து, றேடியோ சிலோன் ஆயிற்று. மறு ஆண்டு வர்த்தக சேவை ஆரம்பமானது. 1967 ஜனவரியில் அது இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனமாக மாறியது. தமிழகத்துக் கிராமங்கள் வரை அதன் குரல் எட்டியதை வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இத்தகைய நிலையங்களில் எந்தக் கலையகத்தின் ஒலி எந்த அலைவரிசைக்குப் போகவேண்டும் என்பதைத் தீர்மானித்தது கட்டுப்பாட்டு அறையின் செருகுபலகை. அறிவிப்பாளரின் பெயர் நமக்குத் தெரியும். கம்பியைச் செருகியவரின் பெயர் தெரியாது.

1964இல் அமெரிக்காவில் றொபர்ட் மூக் தன் சின்தசைசரை ஒலிப் பொறியியலாளர் மாநாட்டில் காட்டினார். அது ஒரே கருவியன்று. பல சிறு பெட்டிகளின் கூட்டம். அவற்றை இணைத்தவையும் அதே செருகுகம்பிகள். கம்பியின்றி அது வெறும் மரச்சட்டமும் குமிழ்களுமே. இத்தகைய கருவியொன்று 1969இல் அகமதாபாத்திலுள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனத்துக்கு வந்து சேர்ந்தது. அமெரிக்க இசைஞர் டேவிட் ரியூடர் நேரில் வந்து அதை நிறுவினார். கீதா சாராபாய், ஐ.எஸ். மாத்தூர், அதுல் தேசாய், எஸ்.சி. சர்மா, ஜின்ராஜ் ஜோஷிபுரா ஆகியோர் அங்கே மின்னிசை படைத்தார்கள். 1972 அளவில் அந்த முயற்சி ஓய்ந்தது, உலகம் மறந்தது. ஏறத்தாழ நாற்பத்தைந்து ஆண்டுகளின் பின் போல் பர்காஸ் என்ற பிரித்தானியக் கலைஞர் அந்நிறுவனத்தின் காப்பகத்தில் ஒலிநாடாக்களைக் கண்டெடுத்தார். 2023இல் அவை இசைத்தட்டாக வெளிவந்தன. யாரோ நாடாக்களை அலுமாரியில் வைத்துப் பூட்டினார்; யாரோ பெட்டிகளில் பெயர் எழுதினார். அதனால் இந்திய மின்னிசையின் வரலாறு சில பத்தாண்டுகள் பின்னோக்கி நீண்டது.

நம் பக்கத்தில் என்ன நடந்தது? அதே காலத்தில்தான் இலங்கையில் தமிழ்ப் பொப்பிசை எழுந்தது. நித்தி கனகரத்தினத்தின் 'சின்ன மாமியே', ஏ.ஈ. மனோகரனின் 'சுராங்கனி' ஆகியவற்றைப் பாடாத கல்லூரி விடுதி இல்லை. பைலாத் தாளமும் மின்கிட்டாரும் யாழ்ப்பாணப் பேச்சுத் தமிழும் கலந்த இசை அது. கொழும்பிலே மேடைக்கு மேடை வாத்தியக் குழுக்கள் தோன்றின. 'சுராங்கனி' 1977இல் தமிழ்த் திரைப்படத்துக்கும் போனது.

அந்த நிகழ்ச்சிகள் சிலவற்றுக்குச் செய்தியாளனாக நான் சென்றிருக்கிறேன். யார் தலைமை தாங்கினார், யார் மாலை சூட்டினார், யார் நன்றியுரை நவின்றார் என்றெல்லாம் குறிப்பெடுத்தேன். கிட்டார் வாசித்தவர் பெயரைக் கேட்கவில்லை. ஓகன் வாசித்தவரிடம் அந்த விசித்திரமான ஒலி எப்படி வந்தது என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் மகிழ்ந்து சொல்லியிருப்பார்கள். நாலு வரி போதும்.

1983ஆம் ஆண்டு இசைக்கருவிகளின் வரலாற்றில் முக்கியமானது. அவ்வாண்டு ஜனவரியில், வெவ்வேறு நாட்டு நிறுவனங்கள் செய்த இரண்டு சின்தசைசர்களை ஒரே கம்பியால் இணைத்து அமெரிக்கக் கண்காட்சியொன்றில் காட்டினார்கள். ஒன்று அமெரிக்காவின் புரொபெற் 600, மற்றையது யப்பானின் ஜூபிற்றர் 6. ஒன்றை வாசித்தால் மற்றையதும் ஒலித்தது. போட்டி நிறுவனங்கள் கூடி வகுத்த 'மிடி' என்ற பொதுமொழி அது. அதன் விதிமுறைகள் ஓகஸ்ட்டில் வெளியாயின. கருவிகள் தங்களுக்குள் பேசப் பழகிய ஆண்டு.

அந்த ஜனவரிக்கும் ஓகஸ்ட்டுக்கும் இடையில் ஒரு யூலை இருந்தது. வெள்ளவத்தையிலும் தெஹிவளையிலும் தமிழரின் வீடுகளும் கடைகளும் எரிந்தன. எங்கள் வீட்டில் வானொலியிலிருந்து பதிந்து வைத்திருந்த ஒலிநாடாக்கள் ஒரு பெட்டி நிறைய இருந்தன. திரும்பி வந்தபோது பெட்டியும் இல்லை, அது இருந்த மேசையும் இல்லை. உயிர் தப்பியவர்கள் நாடாக்களுக்காக அழுவது முறையல்ல என்று அப்போது நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை.

கலைஞர்கள் சிதறினார்கள். நித்தி கனகரத்தினம் ஆஸ்திரேலியாவில் குடியேறினார். மனோகரன் 2018இல் சென்னையில் காலமானார். பெயர் தெரிந்தவர்களின் கதை இது. பின்னால் நின்று வாசித்தவர்கள் ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிசிலும் கடை நடத்தினார்கள், கணக்கு எழுதினார்கள், பேருந்து ஓட்டினார்கள். தமிழகத்தில் 1986இல் 'புன்னகை மன்னன்' படத்துக்கு இளையராஜா கணினியைத் துணைக்கொண்டு இசையமைத்தார். அதே ஆண்டு யாழ்ப்பாணத்தில் வளர்ந்த ஒரு சிறுமி அகதியாக லண்டன் போய்ச் சேர்ந்தாள். மாதங்கி அருள்பிரகாசம் என்ற அவர், ரோலண்ட் எம்சி 505 என்ற சிறு கருவியில் தன் முதற்பாடல்களை உருவாக்கி, 2005இல் 'அருளர்' என்ற இசைத்தொகுப்பை எம்.ஐ.ஏ. என்ற பெயரில் வெளியிட்டார். அறுந்த கம்பி எங்கெங்கோ மீண்டும் செருகப்பட்டது உண்மை. ஆனால் இடையில் எவை விடுபட்டன என்று சொல்ல நம்மிடம் ஏடு இல்லை.

தெஹிவளையில் எங்கள் அயலில் ஓர் ஓகன் வாசிப்பாளர் இருந்தார். இப்போது கனடாவில் இருக்கிறார், எண்பதை நெருங்குகிறார். அவர் குழு வாசித்த ஒரு பாடலின் தேய்ந்த நாடா மருமகனுக்கு எங்கிருந்தோ கிடைத்தது. அதில் வரும் தளும்பும் ஒலியைத் தன் பெடல்களால் மீட்கத்தான் அவன் அத்தனை கம்பிகளையும் குத்தி வைத்திருந்தான். அன்றிரவு நான் கனடாவுக்குத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டேன். பெரியவர் வெகுநேரம் யோசித்தார்.

"தம்பி, ஒரு எதிரொலிப் பெட்டி இருந்தது. அதுக்கு முதல் வேறை என்னவோ குடுத்தனாங்கள். என்னெண்டு மறந்து போச்சு. வாசிச்ச பொடியன்களும் இப்ப இல்லை."

மருமகன் கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு தன் ஒலியை அவருக்கு வாசித்துக் காட்டினான். கிட்டத்தட்ட வந்துவிட்டது, இன்னும் கொஞ்சம் மெதுவாகத் தளும்ப வேண்டும் என்றார் பெரியவர். ஒரு குமிழைத் திருகினான். "ஓம், ஓம், அதுதான்" என்றது கனடாவிலிருந்து வந்த குரல். அவர் கேட்டது அந்தப் பழைய ஒலிதானா, அல்லது நினைவு அதை அப்படி ஆக்கிக்கொண்டதா, நான் அறியேன். ஒப்பிட்டுப் பார்க்க எழுத்து எதுவும் இல்லையே.

2022இல் மின்சாரம் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை நின்ற நாட்களில், கணினியில் சேமிக்காத வேலையெல்லாம் போனது, செருகிய கம்பிகள் மட்டும் அப்படியே இருந்தன என்று மருமகன் பெருமையாகச் சொன்னான். மின்வெட்டைக் கம்பி தாங்கும். ஒரு கை வந்து உருவினால் தாங்காது. அதற்கு ஒரு கொப்பியும் பேனையும் வேண்டும்.

புறப்படும் முன் அவனிடம் ஒரு கொப்பி வாங்கிக் கொடுத்தேன். முதல் பக்கத்தில் 48 வட்டங்கள் கீறி, எதிலிருந்து எதற்குக் கம்பி என்று கோடு போட்டான். திகதி இட்டான். வாசித்தவர்கள் என்று எழுதி, கனடாப் பெரியவரின் பெயரையும், அவர் நினைவுகூர்ந்து சொன்ன இரண்டு 'பொடியன்'களின் பெயர்களையும் சேர்த்தான். இதை வாசிப்பவர்களில் அந்தக் காலத்துக் குழுக்களில் வாசித்தவர்கள், அவர்களின் பிள்ளைகள் இருப்பீர்கள். நீங்களும் ஒரு கொப்பி வாங்குங்கள். நான் அன்று கேட்காத கேள்விகளை இன்று நீங்கள் கேட்டு எழுதிவிடுங்கள்.