இருளின் நடுவே இரு விருந்துகள்

ஆண்டுதோறும் ஜூன் 21 அல்லது 22ஆம் நாளில், அண்டார்க்டிகாவில் குளிர்காலத்திலும் ஆள் தங்கும் ஆய்வு நிலையங்களில் ஒரு விழா எடுக்கப்பெறுகின்றது. நடுக்குளிர் நாள் என்பது அதன் பெயர். எந்தச் சமயத்துக்கும் உரியதன்று. எந்த நாட்டுக்கும் தனியுரிமை உடையதன்று. கதிரவன் வடகோடியை எட்டித் தெற்கு நோக்கித் திரும்பும் நாள் அது. வானியல் கணக்கில் நமக்குத் தட்சிணாயனத்தின் தொடக்கம் அதுவே. பஞ்சாங்க வழக்கில் நாம் ஆடி முதல் நாளைக் கொள்கிறோம் என்பது வேறு செய்தி. தென்துருவப் பகுதியில் வாழ்வோர்க்கோ அது இருளின் நடுப்புள்ளி. கதிரவனைக் கண்டு பல வாரங்கள் ஆகியிருக்கும். மீண்டும் காணவும் பல வாரங்கள் ஆகும். ஆயினும் அந்நாள் கழிந்தால், இருள் வளராது, தேயும். நிலையங்கள் ஒன்றுக்கொன்று வாழ்த்து அனுப்புகின்றன. சமையற்காரர் பல நாள் முன்னரே அடுப்பங்கரையை அடைத்துக்கொள்கிறார். பிரித்தானிய நிலையங்களுக்கு 1955 முதல் பி.பி.சி. வானொலி அந்நாளில் தனி ஒலிபரப்பு வழங்கி வருகின்றது. வீட்டாரின் குரல் அதன்வழியே சென்று சேர்கின்றது. இந்தியர் முதன்முதலாகத் தட்சிண கங்கோத்ரியில் குளிர்காலம் கழித்தது 1984இல்; அக்குழுவினர் பன்னிருவர். பின்னர் 1989இல் மைத்ரியும் 2012இல் பாரதியும் அமைந்தன. மைத்ரியில் ஏறத்தாழ இரண்டு மாதம் கதிரவன் எழுவதில்லை.

தமிழாசிரியர்க்கு இச்செய்தியைப் படிக்கும்போது முதலில் தடை செய்வது சொல்தான். முன்பனி, பின்பனி என்று பனிக்கே இரு பருவங்களை வகுத்தவர் நம் முன்னோர். ஆனால் அவர் சொன்ன பனி புல்நுனியில் நின்று பகலவன் வரவில் மறைவது. கடலையே உறையவைத்துக் கப்பலைக் கவ்விக்கொள்ளும் பொருளுக்கும் அதே சொல்லைத்தான் நாம் இன்று வழங்குகிறோம். மற்றொரு சொல் விருந்து. புதுமை என்பதே அதன் பழம்பொருள். புதிதாய் வந்தவரைக் குறித்து, பின்னர் அவர்க்கு இடும் உணவைக் குறித்தது. புதிதாக ஒருவரும் வர இயலாத இடத்தில், அதே முகங்களை அதே விளக்கொளியில் ஓராண்டு பார்த்திருப்போர் விருந்து வைக்கிறார்கள் என்றால், அங்கே புதுமை எதனிடமிருந்து வருகின்றது? இக்கட்டுரைக்கு வித்து இவ்வினாவே.

துருவத்தின் இருளை மனிதர் முதலில் கண்டது துன்பத்தின் வழியே. பெல்ஜியத்தைச் சேர்ந்த ஜெர்லாஷ் என்பாரின் பெல்ஜிகா கப்பல் 1898இல் பனிக்கடலில் சிக்கியது. அவ்வாண்டு மே 17 முதல் ஜூலை 23 வரை அக்கப்பலினர் கதிரவனைக் காணவில்லை. குருதிச்சோகையும் ஸ்கர்வி நோயும் பற்றின; டான்கோ என்னும் அறிவியலார் ஜூன் 5ஆம் நாள் இறந்தார்; சிலருக்குச் சித்தம் கலங்கியது. சீல் இறைச்சியையும் பெங்குவின் இறைச்சியையும் வற்புறுத்தி உண்ணச் செய்து பலரைக் காத்தவர் மருத்துவர் குக். இருளை வெறுமனே பொறுத்திருத்தல் ஆகாது, அதற்கு எதிராக ஏதேனும் செய்தாக வேண்டும் என்ற பாடம் பின் வந்தோர்க்கு அங்கிருந்து கிடைத்தது எனலாம். நான்காண்டு கழித்து, 1902இல், டிஸ்கவரி கப்பலில் குளிர்காலம் கழித்த ஸ்காட் குழுவினர் நடுக்குளிர் நாளை விழாவாகவே கொண்டாடினர். கையெழுத்து இதழ் ஒன்றும் நடத்தினர். அதன் ஆசிரியர் ஷாக்கில்டன்.

அவ்வழக்கம் முழு வடிவம் பெற்றது 1911 ஜூன் 22 அன்று, எவன்ஸ் முனையில். ஸ்காட்டின் இரண்டாம் பயணத்துக்குரிய மரக்குடில் அங்கு இருந்தது: ஐம்பது அடி நீளம், இருபத்தைந்து அடி அகலம், உள்ளே இருபத்தைந்து பேர். அதிகாரிகள் ஒருபுறமும் மாலுமிகள் மறுபுறமும் இருக்க, நடுவே பொருட்பெட்டிகளை அடுக்கித் தடுப்புச் சுவர் எழுப்பியிருந்தனர். உலகின் கடைசி எல்லைக்குப் போனாலும் மனிதன் தன் சாதியை மூட்டையில் கட்டிக்கொண்டுதான் போகிறான்! அன்றைய மேசையில் சீல் இறைச்சிச் சாறும் மாட்டிறைச்சி வறுவலும் பழப்புட்டும் ஷாம்பெயினும் இருந்தன. மேலே கொடிகள் தொங்கின. மேலையர் கிறிஸ்துமசுக்கு வைக்கும் மரத்தைப் போல, மூங்கிலைப் பிளந்து கிளைகள் செய்து, இறகு கட்டி, மெழுகுவத்தி ஏற்றி ஒரு மரத்தைப் பவர்ஸ் உருவாக்கி வைத்திருந்தார். ஒவ்வொருவர்க்கும் அதில் ஒரு சிறு பரிசு தொங்கியது. அப்பரிசுகளை முன்கூட்டியே வாங்கிப் பொதிந்து அனுப்பியவர் வில்சனின் மனைவியுடைய தங்கை என்பதைக் குறிக்காமல் விடுவதற்கில்லை. பெண்கள் அண்டார்க்டிகாவில் குளிர்காலம் கழித்தது 1947இல்தான். எடித் ரான், ஜென்னி டார்லிங்டன் என்னும் இருவரே முதல்வர். ஆனால் பெண்ணின் கைவேலை அவர்களுக்கு முப்பத்தாறு ஆண்டு முன்னரே அங்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. யாரோடும் அதிகம் பேசாத ஓட்ஸுக்கு விளையாட்டுத் துப்பாக்கி ஒன்று கிடைத்தது. அந்தப் படைத்தலைவர் சிறுபிள்ளை போல எல்லாரையும் சுட்டுக்கொண்டு, சுடப்பட்டவர் விழ வேண்டும் என்று கெஞ்சிக்கொண்டு திரிந்தாராம். பாண்டிங் தாம் எடுத்த படங்களை விளக்கொளியால் திரையில் காட்டினார்.

செரி-கரார்ட் தொகுத்த கையெழுத்து இதழும் அன்றே வெளியானது. நம் இலக்கிய வட்டத்தின் கையெழுத்து இதழ் நாட்களை அறிந்தோர்க்கு இதன் அருமை புரியும். படிப்போர் இருபத்தைந்து பேரே, எழுதுவோரும் அவரே.

இவ்விருந்தைப் பேரரசுக்காரர்களின் ஆடம்பரம் என்று தள்ளிவிடுவார் உண்டு. அக்கருத்தை முழுதும் மறுக்க வேண்டியதில்லை. எனினும் அம்மேசையில் இருந்தோர் யாவர் என்று நோக்குதல் வேண்டும். பவர்ஸ் இந்தியக் கடற்படைப் பணியிலிருந்து வந்தவர். ஓட்ஸ் இந்தியாவில் குதிரைப்படையில் இருந்தவர். வானிலை அறிஞர் சிம்ப்சன் சிம்லாவில் இந்திய வானிலைத் துறையில் பணியாற்றியவர். 1912இல் மீண்டும் அங்கேயே திரும்பினார். அந்நாள் ஐந்து கழிந்ததும் வில்சன், பவர்ஸ், செரி-கரார்ட் மூவரும் பேரரசப் பெங்குவின் முட்டைகளைத் தேடி இருளுக்குள் நடந்தனர். சுழியத்துக்குக் கீழ் அறுபது பாகை செல்சியஸ் வரை குளிர் இறங்கிய அப்பயணத்தில், ஐந்து வாரத்தில் அவர்கள் கொண்டுவந்தவை மூன்று முட்டைகள். அடுத்த மார்ச்சு முடிவதற்குள் அம்மேசையில் இருந்த ஐவர், ஸ்காட், வில்சன், பவர்ஸ், ஓட்ஸ், எட்கர் எவன்ஸ், துருவத்திலிருந்து திரும்பும் வழியில் மாண்டனர்.

இனி 1912ஆம் ஆண்டின் நடுக்குளிர் நாளுக்கு வருவோம். விழா என்பதன் உண்மைப் பொருள் எனக்கு விளங்கியது இவ்வாண்டில்தான். முந்தைய ஆண்டின் ஷாம்பெயினில் அன்று.

அதே குடில், பதின்மூன்று பேர். தலைமை கப்பற்படை மருத்துவர் அட்கின்சனிடம் வந்திருந்தது. தலைவரும் உடன் சென்ற நால்வரும் உயிருடன் இல்லை என்பது ஐயத்துக்கு இடமின்றித் தெரிந்திருந்தது. எங்கே, எவ்வாறு என்பது தெரியவில்லை. மார்ச்சு மாதம் ஒரு டன் கிடங்கு வரை நாய்வண்டியோடு சென்று சில நாள் காத்திருந்து மீண்ட செரி-கரார்ட் அக்குடிலில் இருந்தார். அவர் காத்திருந்த இடத்துக்குத் தெற்கே பதினொரு மைலில்தான் கடைசிக் கூடாரம் இருந்தது என்பது அப்போது அவருக்குத் தெரியாது. தெரிந்த பின்னர் அதை வாழ்நாள் முழுதும் அவர் மறக்கவில்லை. தொழுவத்தில் இந்தியாவிலிருந்து வந்த ஏழு கோவேறு கழுதைகள் நின்றன. லால் கான், குலாப், பேகம், ராணி என்பன போன்ற பெயர்கள் தென்துருவக் காற்றில் நாள்தோறும் ஒலித்திருக்கும்.

மற்றொரு கவலையும் இருந்தது. காம்ப்பெல் தலைமையில் அறுவர் கொண்ட வடக்குக் குழு ஜனவரியில் கரையோரம் இறக்கிவிடப்பட்டிருந்தது. அவர்களிடம் இருந்தது சில வாரங்களுக்கான உணவே. கடற்பனி தடுத்ததால் கப்பல் அவர்களை அணுக முடியவில்லை. திரும்பும் வழியில் ஏற்றிக்கொண்டு போயிற்றா என்பதை எவன்ஸ் முனையில் எவரும் அறியார். ஏப்ரலில் அட்கின்சன் சிலரோடு அவர்களை நோக்கிப் புறப்பட்டுப் பார்த்தார். வழி அடைபட்டுத் திரும்ப நேர்ந்தது. வசந்தம் வந்ததும் எங்கே போவது? வடக்கே ஆறு பேர் உயிரோடு இருக்கக்கூடும். தெற்கே ஐந்து பேர் இறந்திருப்பது உறுதி. இரண்டுக்கும் ஆட்கள் போதா. அக்குளிர்காலத்தில் அட்கின்சன் அனைவரையும் கூட்டி இருபக்க நியாயத்தையும் எடுத்துரைத்துக் கருத்துக் கேட்டார். ஏறத்தாழ ஒருமனதாக வந்த முடிவு, தெற்கே செல்வது. வடக்குக் குழு இருளைத் தாண்டிவிட்டால் தானே நடந்து வரும், அல்லது கப்பல் மீட்கும். தாண்டாவிட்டால் நம் செலவால் பயனில்லை. துருவக் குழுவின் முடிவையோ நாம் அறியாவிடில் எவரும் அறியப்போவதில்லை. தருக்கம் சரியானதே. ஆனால் உயிரை விட்டுப் பிணத்தைத் தேடப் போகிறோம் என்ற முள் அத்தருக்கத்தினுள் இருந்துகொண்டே இருந்தது. அந்த முள்ளோடுதான் அவர்கள் அவ்வாண்டு நடுக்குளிர் விருந்துக்கு அமர்ந்தனர். கையெழுத்து இதழும் நிற்கவில்லை. அவ்வாண்டுக்குரிய தொகுதி அச்சேறியது நம் நூற்றாண்டில்தான்.

ஏறத்தாழ இருநூறு மைல் வடக்கே, அந்த அறுவர் இருந்தனர். காம்ப்பெல், பிரீஸ்ட்லி, லெவிக் மூவரும் மேல்நிலையினர். அபட், பிரௌனிங், டிக்கசன் மூவரும் மாலுமிகள். இறுகிய பனியைக் குடைந்து பன்னிரண்டடிக்கு ஒன்பதடி அளவில் ஒரு குகை செய்து அதனுள் புகுந்திருந்தனர். நிமிர்ந்து நிற்க இயலாது. சீல் கொழுப்பே விளக்கு, அதுவே அடுப்பு. அதன் கரி முகத்திலும் உடையிலும் நுரையீரலிலும் படிந்தது. காம்ப்பெல் குதிகாலால் தரையில் ஒரு கோடு கிழித்தாராம். கோட்டுக்கு இப்புறம் அதிகாரிகள், அப்புறம் மாலுமிகள்; ஒருபுறம் பேசுவதை மறுபுறத்தார் கேட்டும் கேளாதவராக இருத்தல் வேண்டும். எவன்ஸ் முனைத் தடுப்புச் சுவரை எள்ளிய நான் இக்கோட்டை எள்ள மாட்டேன். தனிமை என்பதே இல்லாத இடத்தில், ஆறு பேருக்கும் மனத்தளவில் ஓர் அறை கட்டித்தந்த கோடு அது.

உணவுப் பொறுப்பு பிரீஸ்ட்லியிடம் இருந்தது. கொண்டுவந்ததில் எஞ்சிய பிஸ்கட்டும் சர்க்கரையும் சாக்லேட்டும் உலர்திராட்சையும் அவர் கணக்கில் மட்டுமே வெளிவரும். மாதக் கடைசி நாளில் ஆளுக்கு இருபத்தைந்து திராட்சை. பிரௌனிங் கடும் வயிற்று நோயால் மெலிந்துகொண்டிருந்தார். இரவில் லெவிக் டிக்கன்ஸின் 'டேவிட் காப்பர்ஃபீல்ட்' நூலை நாளுக்கு ஓர் இயலாகப் படிப்பார். தலைவர் ஸ்காட் வெற்றியுடன் ஊர் திரும்பியிருப்பார் என்று எண்ணிய இவர்கள், தங்களை அழைத்துச் செல்ல வேண்டிய கப்பல்தான் மூழ்கிவிட்டதோ என அஞ்சினர். அங்கே குடிலில் இவர்களுக்காகக் கலங்கியிருந்தனர். இங்கே குகையில் கப்பலுக்காகக் கலங்கியிருந்தனர்.

அவர்களும் அந்நாளைக் கொண்டாடினர். அதற்காக வாரக்கணக்கில் வாயைக் கட்டிச் சேர்த்து வைத்திருந்தனர். வழக்கமாக நீர்த்துக் கிடைக்கும் கோக்கோ அன்று கெட்டியாக, இனிப்பாக வந்தது, பிஸ்கட்டும் சாக்லேட்டும் அளவு கூடின, பாட்டு நடந்தது. சீல் இறைச்சி என்னவோ நேற்றுத் தின்றதுதான். நான் மேலே கேட்ட வினாவுக்கு விடை இக்குகையில் உள்ளது. புதியவர் வரவில்லை, புதிய உணவும் இல்லை. நேற்றுத் தனக்கு மறுத்துக்கொண்ட ஒரு கைப்பிடி சர்க்கரையே அன்று விருந்தாயிற்று. இதைச் சேமிப்பு என்று சொல்லிவிடலாம். பிழைப்போமா என்று அறியாதவர் ஒரு நாளைக் குறித்து வைத்துச் சேமித்தார்கள் என்பதை அதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அதே இரவில், கண்டத்தின் மற்றொரு புறத்தில், டெனிசன் முனையில் மாசனின் பதினெண்மரும் விருந்துண்டனர். அம்மேசையில் இருந்த நின்னிஸும் மெர்ட்ஸும் அடுத்த ஜனவரி நடுவுக்குள் இறந்தனர். அவர்கள் கதை தனியே எழுதத்தக்கது.

வடக்குக் குழு செப்டம்பர் 30 அன்று குகையை விட்டது. பிரௌனிங் உட்பட அறுவரும் நடந்து, நவம்பர் 7ஆம் நாள் எவன்ஸ் முனைக் குடிலை அடைந்தனர். கதவைத் திறந்தபோது உள்ளே டெபனாமும் சமையற்காரர் ஆர்ச்சரும் மட்டுமே இருந்தனர். ஏனையோர் கோவேறு கழுதைகளோடும் நாய்களோடும் தெற்கே போய்விட்டிருந்தனர். ஸ்காட் இறந்த செய்தி வழியிலும் அங்கும் அவர்களுக்குக் கிடைத்தது. நவம்பர் 12 அன்று தெற்கே சென்றோர் கூடாரத்தைக் கண்டனர். மூவர் உடல்களின் மேல் பனிக்குவியலும் சிலுவையும் எழுப்பித் திரும்பினர். நவம்பர் 25 அன்று அவர்கள் குடில் முனையை வந்தடைந்தபோது, காம்ப்பெல் கைப்பட எழுதிவைத்த குறிப்பு காத்திருந்தது: அறுவரும் நலம்.