‘டிரஸ்ட்’ என்பதும் வக்ஃபு என்பதும் ஒன்றா?

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் நம் நிறுவனங்களின் பெயர்ப்பலகைகளில் ‘டிரஸ்ட்’ என்னும் சொல் சாதாரணமாகிவிட்டது. வக்ஃபு என்பதற்கு அதுவே ஆங்கிலச் சொல் என்று பலரும் எண்ணுகின்றனர். வரலாறு அவ்வாறு கூறவில்லை.

அச்சொல்லுக்கு ஆங்கிலத்தில் பல பொருள்கள் உண்டு. ஒருவரை நம்புதல் ஒன்று. நம்பி ஒப்படைக்கப்பட்ட பொறுப்பு மற்றொன்று. இவ்விரண்டும் நம் ‘அமானத்’ என்னும் சொல்லுக்கு நெருங்கியவை. 1882இல் ராக்ஃபெல்லரின் ஸ்டாண்டர்டு ஆயில் கூட்டமைப்பு இப்பெயரைச் சூடிக்கொண்டபின், அமெரிக்காவில் அது ஏகபோக வணிகத்தையும் குறித்தது! சிக்கல் சட்டப் பொருளில்தான் எழுகிறது. ஆங்கிலச் சட்டத்தின்படி, அறங்காவலர் பிறர் நலனுக்காகச் சொத்தைத் தம் உரிமையில் வைத்திருக்கிறார். வக்ஃபிலோ, இமாம் அபூயூஸுஃப் (ரஹ்) போன்றோரின் கருத்துப்படி, சொத்து மனித உடைமையிலிருந்து நீங்கி அல்லாஹ்வுக்குரியதாகிறது. உமர் (ரலி) அவர்கள் கைபர் நிலத்தை விற்கவோ அன்பளிப்பாக வழங்கவோ வாரிசுரிமையாக்கவோ கூடாதென்று ஒதுக்கியது இதற்கு முன்மாதிரி. முதவல்லி நிர்வாகி மட்டுமே.

1882ஆம் ஆண்டின் இந்திய டிரஸ்ட் சட்டமே, வக்ஃபு பற்றிய ஷரீஅத் விதிகளைத் தான் தொடாது எனக் கூறிற்று. ஆயினும் நீதிபதிகளின் பார்வை ஆங்கிலேய அளவுகோலை விட்டு விலகவில்லை. 1894இல் இலண்டன் பிரிவி கவுன்சில், ஏழைகளுக்குரிய பங்கு பெயரளவினது என்று கூறி ஒரு குடும்ப வக்ஃபைச் செல்லாததாக்கியது. சந்ததியாரைப் பேணுவதும் தர்மமே என்னும் நம் சட்டக்கொள்கை அங்கு எடுபடவில்லை. அதைச் சரிசெய்ய 19 ஆண்டுகள் ஆயின. ஜின்னா கொண்டுவந்த மசோதா 1913இல் வக்ஃபு செல்லுபடிச் சட்டமாயிற்று.

1921இல் தெளிவு பிறந்தது. அதுவும், வியப்பாக, நம் சென்னை மாகாணத்து இந்து மடம் ஒன்றின் குத்தகை வழக்கில்! தீர்ப்பை வழங்கியவர் சையத் அமீர் அலி. மடாதிபதியோ முதவல்லியோ ஆங்கிலச் சட்டப் பொருளில் ‘டிரஸ்டி’ அல்லர் என்றார் அவர்.

இது பழங்கதையன்று. 2013 திருத்தத்திற்குப் பின் வக்ஃபு சொத்தின் விற்பனை சட்டப்படி செல்லாது; டிரஸ்டிலோ, பத்திரம் அதிகாரம் அளித்தால் அறங்காவலர்கள் சொத்தை விற்க வழியுண்டு. 2025 திருத்தமோ, முஸ்லிம்கள் நிறுவிய டிரஸ்டுகளுக்கு வக்ஃபு சட்டம் பொருந்தாதென்கிறது. ஆகவே மதரஸாவுக்கு நிலம் எழுதிவைக்க விரும்புவோர், பத்திரத்தில் கையொப்பமிடுமுன் அதிலுள்ள சொல் எதுவென்று படித்துக் காட்டச் சொல்லுங்கள். ஆலிமிடமும் வழக்கறிஞரிடமும் ஒருமுறை கேளுங்கள்.