எஞ்சின் மேல எழுதியிருந்தது என்ன? விழுப்புரம் ஜங்ஷனும் மாடல் ரயில்களும்

இந்த எபிசோடு ரயில் மாடல் செய்பவர்களுக்காக. ஆனா மாடல் செய்யாதவங்களும் கேட்கலாம். விஷயம் பொம்மையைப் பற்றியது மட்டும் இல்லை.

முதல்ல ஒரு மலைக்குப் போவோம். விழுப்புரம் மாவட்டத்துப் பனமலையில், ஏரிக்கு மேல, பல்லவர் கட்டிய தாளகிரீசுவரர் கோவில் இருக்கு. வயசு சுமார் 1300. ராஜசிம்ம பல்லவன் கட்டியதுன்னு எப்படிச் சொல்றாங்க? கட்டட பாணி ஒரு காரணம். இன்னொன்று எழுத்து. காஞ்சி கைலாசநாதர் கோவிலில் அவன் வெட்டி வைத்த சுலோகம் ஒன்று பனமலையிலும் இருக்கு. கல்லில் எழுத்து இருந்ததால உரியவர் யாருன்னு தெரிஞ்சது.

அதே மாவட்டத்தில் நூறு வருஷத்துக்கும் மேலாக கரி எஞ்சின்கள் ஓடின. அவற்றின் மேலும் எழுத்து இருந்தது: யாருடையது, என்ன வகை, என்ன எண், எந்த ஷெட். பெரும்பாலும் பெயிண்டில் எழுதியது. அடுத்த முறை பெயிண்ட் அடிச்சா பழையது போச்சு. எஞ்சினை உடைச்சு இரும்புக்குப் போட்டா எல்லாமே போச்சு.

சென்னையிலிருந்து திண்டிவனம், விழுப்புரம் வழியாகத் தெற்கே போகும் மீட்டர் கேஜ் பாதை 1870களில் வந்தது. போட்டது சவுத் இந்தியன் ரயில்வே கம்பெனி. ஊர்க்காரர்களுக்கு எஸ்.ஐ.ஆர். 1944இல் அரசாங்கம் கம்பெனியிடமிருந்து பாதையை எடுத்துக்கொண்டது. 1951 ஏப்ரல் 14இல் எஸ்.ஐ.ஆர்., மெட்ராஸ் அண்ட் சதர்ன் மராட்டா ரயில்வே, மைசூர் ரயில்வே மூன்றும் சேர்ந்து தெற்கு ரயில்வே ஆனது. சுருக்கம் எஸ்.ஆர். ஆக, 1949இல் விழுப்புரத்தில் நின்ற எஞ்சினைச் செய்யுறீங்கன்னா அதில் எஸ்.ஆர். என்று எழுதக் கூடாது. ஒரே ஒரு எழுத்து வித்தியாசம்தான். ஆனா அந்த "ஐ" போனதுக்குப் பின்னாடி ஒரு கம்பெனியின் முடிவும் ஒரு சுதந்திர நாட்டின் தொடக்கமும் இருக்கு.

அடுத்தது வகை எழுத்து. ஒய்.பி. என்றால்? ஒய் என்பது மீட்டர் கேஜ், பி என்பது பாசஞ்சர். ஒய்.ஜி. என்றால் மீட்டர் கேஜ் கூட்ஸ். டபிள்யூ.பி. என்றால் பிராட் கேஜ் பாசஞ்சர். டபிள்யூ.பி.க்குத்தான் முகப்பில் குவிந்த மூக்கும் நட்சத்திரமும். அழகா இருக்கேன்னு சிலர் அந்த நட்சத்திரத்தை ஒய்.பி. மாடலில் ஒட்டிவிடுறாங்க. ஒய்.பி. முகம் தட்டை. எழும்பூர் பக்கம் அப்போ மீட்டர் கேஜ், டபிள்யூ.பி. அந்தப் பாதையில் வந்திருக்கவே முடியாது.

ஒய்.பி. எஞ்சின்கள் மொத்தம் 871. எண் வரிசை 2000 முதல் 2870 வரை. அமெரிக்காவின் பால்ட்வின் 20, கிளாஸ்கோவின் நார்த் பிரிட்டிஷ் 100, ஜெர்மனியின் கிராஸ் மாஃபை 200, மீதி 551 நம்ம ஜாம்ஷெட்பூர் டெல்கோ. கடைசி ஒய்.பி. வந்தது 1970இல். கம்பெனிக்குக் கம்பெனி தகடு மாறும். அதனால எண்ணை முதலில் முடிவு பண்ணுங்க, அந்த எண்ணை எந்தக் கம்பெனி செய்ததுன்னு பாருங்க, பிறகு தகடு ஒட்டுங்க. பழைய கம்பெனி எஞ்சின்களில் இன்னும் கவனம் வேணும். 1950களின் பிற்பகுதியில் நாடு முழுக்க ஒரே எண் வரிசை வந்தபோது அவற்றின் எண்கள் மாறின.

இப்போ அளவு. 1:87 அளவில் மீட்டர் கேஜ் தண்டவாளம் பதினொன்றரை மில்லிமீட்டர். கடையில் கிடைப்பது 12, அது போதும். ஒய்.பி.யின் பெரிய சக்கரம் நாலரை அடி. மாடலில் கிட்டத்தட்ட 16 மில்லிமீட்டர். ஒய்.ஜி. சக்கரம் நாலு அடி, அது 14. இரண்டு மில்லிமீட்டர்தானேன்னு விடாதீங்க. பாசஞ்சர் எஞ்சினின் ஓட்டமும் கூட்ஸ் எஞ்சினின் இழுவையும் அந்த இரண்டு மில்லிமீட்டரில்தான் இருக்கு.

வெளிநாட்டு மாடலை வாங்கி மாத்துறவங்க முன்பக்கத்தைப் பாருங்க. இரண்டு ஓரத்திலும் வட்ட பஃபர் இருக்கும். நம்ம மீட்டர் கேஜில் நடுவில் ஒன்றே ஒன்று, அதுவே பஃபர், அதுவே கப்ளிங். ஓரத்து இரண்டையும் வெட்டாம விட்டா, மேலே எழுத்து எவ்வளவு சரியா இருந்தாலும் அது விழுப்புரம் வண்டி ஆகாது.

ஷெட் எழுத்தும் முக்கியம். விழுப்புரத்துக்கு வி.எம். அந்த இரண்டு எழுத்துக்குப் பின்னாடி நிறைய பேர் இருந்தாங்க: கரி அள்ளியவர்கள், சாம்பல் தட்டியவர்கள், பாய்லர் கழுவியவர்கள், டிரைவர், ஃபயர்மேன். 1960களில் சென்னைப் பக்கத்திலிருந்து மின்கம்பி விழுப்புரம் வரை வந்தது. ஜப்பானில் செய்த மின்சார எஞ்சின் வண்டியைக் கொண்டுவந்து விடும். அதுக்கு மேல கம்பி கிடையாது. அங்கே அதைக் கழற்றிவிட்டு கரி எஞ்சினோ டீசலோ மாட்டணும். ஒரு பிளாட்பாரத்தில் இரண்டு காலம் கை மாறிய இடம் அது. அதனால உங்க மாடல் யார்டில் கம்பி இருக்கா இல்லையான்னு பார்த்தே அது எந்தக் காலம்னு சொல்லிடலாம்.

சரி, இதையெல்லாம் எங்கே சரிபார்ப்பது? மேடை கட்டி நிறுத்தி வைத்த பழைய எஞ்சின்களின் வடிவத்தை நம்பலாம், அளவெடுக்கலாம். வண்ணத்தை நம்ப வேண்டாம். மழைக்கும் வெயிலுக்கும் மறுபடி மறுபடி பெயிண்ட் அடிப்பாங்க. அடிப்பவர் கண்ணுக்கு எது பளிச்சுன்னு பட்டதோ அதுதான் வரும். ஓடிய காலத்து போட்டோதான் சாட்சி. அதுவும் தேதியும் ஊரும் எழுதிய போட்டோ.

விழுப்புரத்தில் இன்று மீட்டர் கேஜ் இல்லை. இந்த நூற்றாண்டின் தொடக்க வருஷங்களில் பாதைகள் ஒவ்வொன்றாக அகலமாச்சு. அந்த எஞ்சின்களில் வேலை பார்த்தவர்கள் இப்போ தாத்தாக்கள். அவங்க வீட்டு ஆல்பத்தில், கல்யாணப் படங்களுக்கு நடுவில், எஞ்சின் முன்னாடி நாலு பேர் நிற்கிற படம் ஒன்று இருக்கலாம். அதை ஸ்கேன் பண்ணுங்க. எந்த வருஷம், எந்த ஊர், யார் யார் நிற்கிறாங்கன்னு அவங்களையே கேட்டு எழுதி வைங்க. எண் தெரிஞ்சா எண்ணையும் சேர்த்து.

பனமலையில் எழுத்தைக் கல் காப்பாத்தியது. எஞ்சினுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அதை இனி நாமதான் எழுதி வைக்கணும், மூன்றரை மில்லிமீட்டர் உயரத்தில் ஆனாலும் சரி.