நங்கூரப் புழு ஒரு புழுவே இல்லை

1. போன வாரம் சிலமலையிலிருந்து ஒருத்தர் சுகர் பார்க்க வந்தார். கிளம்புற நேரத்துல போனை நீட்டினார். "டாக்டர், இதையும் கொஞ்சம் பாருங்க." தோட்டத்துப் பண்ணைக்குட்டையில் விட்ட கட்லா மீன். செதிலுக்கு நடுவே நூல் நூலாக நாலைந்து தொங்குது. ஒட்டின இடமெல்லாம் சிவந்த புண்.

2. அவருக்கு ரெண்டு கேள்வி. "இந்தப் புழு மீனைச் சாப்பிட்டா எங்களுக்கும் வருமா? பிள்ளைங்களுக்குக் குடுக்கிற பூச்சி மாத்திரையைத் தண்ணியில கலந்து விடலாமா?" முதல் கேள்விக்குப் பதில்: வராது. இரண்டாவதுக்கு: கலக்காதீங்க, பிரயோஜனம் இல்லை. ஏன்னா அது புழுவே இல்லை. இறால், நண்டு வகையறா! நம்ப முடியலையா? பெரிய பெரிய மேதைகளே இதுல ஏமாந்திருக்காங்க. அந்தக் கதைதான் இந்த இழை.

3. உயிரினங்களுக்கெல்லாம் இரட்டைப் பெயர் வைக்கும் முறையை நிலைநிறுத்திய ஸ்வீடன்காரர் கார்ல் லின்னேயஸ். அடிப்படையில் அவரும் ஒரு மருத்துவர்தான். 1758-இல் வந்த தன் புத்தகப் பதிப்பில் இந்த மீன் ஒட்டுண்ணிக்கு 'லெர்னியா சிப்ரினேசியா' என்று பெயர் வைத்தார். லெர்னா என்பது கிரேக்கக் கதைகளில் பல தலைப் பாம்பு வாழ்ந்த சதுப்பு நிலம். சிப்ரினேசியா என்றால் கெண்டையைச் சேர்ந்தது. நம்ம கட்லா, ரோகு எல்லாம் அதே கெண்டைக் குடும்பம்.

4. பெயர் சரி, இடம்தான் தப்பு. லெர்னியாவை அவர் 'புழுக்கள்' பகுதியில் சேர்த்தார். குளத்துத் தண்ணீரில் துள்ளித் துள்ளி நீந்தும் ஒற்றைக்கண் பிராணியான சைக்ளாப்ஸை, மோனோகுலஸ் என்ற பெயரில் 'பூச்சிகள்' பகுதியில் சேர்த்தார். ரெண்டும் உண்மையில் பங்காளிகள். ஒரே புத்தகத்தில் ஆளுக்கொரு ஊரில் குடியேத்திட்டார்!

5. அவரைக் குறை சொல்ல முடியாது. வளர்ந்த லெர்னியாவை வெறும் கண்ணால் பாருங்க: கால் தெரியாது, கணு தெரியாது, ஓடு கிடையாது. தலை மீனின் சதைக்குள் புதைஞ்சிருக்கும். அந்தத் தலையில் நாலு பக்கமும் கிளைக்கிற கொம்புகள் நங்கூரம் மாதிரி பிடிச்சுக்கும். வெளியே தெரியறது மெல்லிய உடம்பும், நுனியில் ரெண்டு முட்டைப் பையும் மட்டும்தான். யார் பார்த்தாலும் புழுன்னுதான் சொல்வாங்க.

6. முடிச்சை அவிழ்த்தது எது? பெரியவங்களை விட்டுட்டுக் குஞ்சுகளைப் பார்த்ததுதான். அயர்லாந்தின் கார்க் நகரில் ஜான் வாகன் தாம்சன் என்று ஒரு ராணுவ மருத்துவர். படகுக்கு அடியில் ஒட்டிக்கிடக்கும் கொட்டலசை அப்போது சிப்பி இனம்னு நினைச்சிருந்தாங்க. அதன் குஞ்சுகள் இறால் இனத்துக் குஞ்சுகள் மாதிரி நீந்துறதை அவர் கவனித்து 1830-இல் எழுதினார்.

7. பின்லாந்தில் பிறந்த அலெக்சாண்டர் வான் நார்ட்மான் 1832-இல் பெர்லினில் வெளியிட்ட நூலில் மீன் ஒட்டுண்ணிகளின் குஞ்சுகளை விவரித்தார். முட்டையிலிருந்து வந்தது புழு இல்லை. மூணு ஜோடிக் காலும் ஒற்றைக் கண்ணுமாக, சைக்ளாப்ஸ் குஞ்சு மாதிரியே ஒண்ணு! இறால் பண்ணைக்காரங்க இதை 'நாப்ளி' என்பாங்க. நாப்ளியஸ் என்பது முழுப்பெயர்.

8. அந்தக் குஞ்சு பல தடவை தோல் உரிச்சு வளரும். ஆணும் பெண்ணும் கூடின பிறகு ஆண் செத்துடும். பெண் மட்டும் மீனுக்குள் தலையைப் புதைச்சு, உருவம் மாறி, 'புழு' ஆகிடும். நம்ம ஊர் வெயிலுக்கு மொத்தச் சுற்றும் மூணு நாலு வாரத்தில் முடிஞ்சு, அடுத்த தலைமுறை தயார்.

9. 1840-இல் பிரான்சின் மில்ன் எட்வர்ட்ஸ் இந்தக் கூட்டத்துக்குக் 'கோப்பிபோடா' என்று பெயர் வைத்தார். துடுப்புக்காலிகள் என்று அர்த்தம். மீன் பேனையும் ரொம்ப நாள் இதே கூட்டத்தில்தான் வச்சிருந்தாங்க. 1864-இல் தொரெல் அதைத் தனியாகப் பிரிச்சார்.

10. நம்ம பக்கத்துக் கதைக்கு வருவோம். பிரிட்டிஷ் கடற்படை மருத்துவர் பாசெட்-ஸ்மித் 1898-இல் பம்பாய் மீன்களில் கிடைத்த புது வகைகளை விவரித்தார். அடுத்த வருஷமே, மீன்மேல் வாழும் துடுப்புக்காலிகளில் அதுவரை தெரிந்த எல்லாத்தையும் பட்டியல் போட்டார். 1902-இல் ஹெர்ட்மான் இலங்கைக் கடலில் சேகரித்தவற்றை தாம்சனும் ஸ்காட்டும் 1903-இல் வகைப்படுத்தினார்கள் (இவர் வேற தாம்சன்). சென்னைப் பல்கலைக்கழக விலங்கியலாளர் ஞானமுத்து 1951-இல் ஒரு புது லெர்னியாவை விவரித்து 'சாக்கோயென்சிஸ்' என்று பெயரிட்டார். இந்தியக் கடல்மீன்களின் துடுப்புக்காலிகளுக்குன்னே கிருஷ்ண பிள்ளை எழுதிய பெரிய நூல் 1985-இல் வந்தது.

11. "இதெல்லாம் தெரிஞ்சு என்ன டாக்டர் ஆகப்போகுது?" நரம்புச் சிலந்தி ஞாபகம் இருக்கா? பெரியவங்களைக் கேளுங்க. காலில் கொப்புளம் வந்து, உடைஞ்சு, முழ நீளத்துக்கு மேல் புழு வெளியே வரும். குச்சியில் சுற்றிச் சுற்றி நாள்கணக்கா இழுப்பாங்க. இது நிஜப் புழு. ஆனா இது நம்ம உடம்புக்குள் வந்த வழி? குடிதண்ணீரில் இருந்த சைக்ளாப்ஸ்! அதைக் கண்டுபிடிச்சவர் ரஷ்யாவின் ஃபெட்சென்கோ, 1870 வாக்கில்.

12. அந்த நோய்க்குத் தடுப்பூசி இல்லை. புழுவைக் கொல்லும் நல்ல மருந்தும் இல்லை. நாம ஜெயிச்சது துடுப்புக்காலியை மடக்கித்தான்: துணியில் தண்ணியை வடிகட்டினோம், படிக்கிணறுகளை மாற்றினோம், சைக்ளாப்ஸ் சாக டெமிஃபாஸ் போட்டோம். இந்தியாவில் கடைசி நோயாளி 1996-இல். உலக சுகாதார நிறுவனத்தின் சான்று 2000-இல் கிடைத்தது. யார் யாருக்கு உறவு, யார் யாரைச் சுமக்கிறாங்கன்னு தெரிஞ்சதோட பலன் இது.

13. இப்ப சிலமலைக் குட்டைக்கு. பூச்சி மாத்திரை குடல்புழுவின் உடம்பைக் குறிவைச்சுச் செஞ்சது. ஓடு உரிக்கிற ஜாதிக்கு அது சரிப்படாது. இந்த ஜாதிக்கு ஏத்த மருந்து போட்டாலும் பெரும்பாலும் சாகிறது நீந்துற குஞ்சுகள்தான். சதையில் தலை புதைச்ச தாய் தப்பிச்சு மறுபடி முட்டை விடும். அதனால ஒரு தடவை போட்டு நிறுத்தினா வேலைக்காகாது, இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்பப் போடணும்.

14. அதுக்காக ஏலத்தோட்டத்துக்கு வாங்கின பூச்சிமருந்து மிச்சத்தைக் குட்டையில் ஊத்திடாதீங்க. மீன் சாகும், அந்தத் தண்ணியைக் குடிக்கிற மாட்டுக்கும் ஆபத்து. எந்த மருந்து, எவ்வளவு, எத்தனை நாளுக்கு ஒருதடவைன்னு மீன்வளத் துறையில் கேளுங்க. அறுவடை முடிஞ்சதும் குட்டையைக் காயவிட்டுச் சுண்ணாம்பு போடுங்க. புது மீன்குஞ்சு வாங்கும்போது உடம்பில் நூல் தொங்குதான்னு பார்த்து வாங்குங்க. பெரும்பாலும் அது வர்றதே அந்த வழியிலதான்.

15. அந்த அண்ணன்கிட்ட இதையெல்லாம் சொன்னேன். கடைசியா ஒண்ணு கேட்டார்: "அப்ப மீனைக் குழம்பு வைக்கலாமா?" வைக்கலாம். புண் இருக்கிற இடத்தை வெட்டி எறிஞ்சிட்டு நல்லா வேகவச்சுச் சாப்பிடுங்க. மொத்தமும் புண்ணா இருந்தா வேண்டாம். அப்புறம், சுகர் மாத்திரையை மறக்காதீங்க!