ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரியும் குளச்சல் அமைச்சரும்

ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போகாதவர்கள் நம் குடியிருப்பில் அநேகமாக இருக்க மாட்டீர்கள். ஓ.பி. சீட்டு வாங்கி உட்கார்ந்தால் எதிரே வருகிறவர்களில் எத்தனை பேர் பெண் டாக்டர்கள் என்று எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா? எண்ணியிருக்க மாட்டீர்கள். அது நமக்குப் பழகிப்போன காட்சி. 2001-இல் கல்லூரி வருவதற்கு முன் அந்த இடம் காசநோய் ஆஸ்பத்திரி என்பது மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். நாகர்கோவிலில் அந்த சானடோரியத்தை நிறுவியவரும் ஒரு பெண் டாக்டர்தான். பெயர் மேரி பூனன் லூக்கோஸ். அவர் படிக்கப் போன காலத்தில் இந்தக் காட்சி யாருக்கும் பழகியிருக்கவில்லை.

அப்போது நம் ஊர் திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்தது. மேரி 1886-இல் பிறந்தவர். அப்பாவே டாக்டர். வீட்டில் தடை இல்லை. தடை திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் இருந்தது. அறிவியல் படிக்கக் கேட்டார். பெண் என்பதால் இடம் இல்லை என்றார்கள். வரலாறு எடுத்து, கல்லூரியிலேயே ஒரே மாணவியாக இருந்து 1909-இல் பி.ஏ. முடித்தார். அதன் பிறகு லண்டன் போய் மருத்துவம் படித்து 1915-இல் பட்டம் பெற்றார். மறு ஆண்டு ஊர் திரும்பி, திருவனந்தபுரம் தைக்காட்டில் இருந்த பெண்கள், குழந்தைகள் ஆஸ்பத்திரியில் பொறுப்பேற்றார்.

ஆஸ்பத்திரி இருந்தது, டாக்டர் இருந்தார், பேறுகாலத்துக்கு வரும் பெண்கள்தான் இல்லை. பிள்ளை பெறுவது வீட்டில், ஊர் மருத்துவச்சியின் கையில். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் உயிரோடு திரும்ப மாட்டாள் என்ற பயம் வேறு. மேரி இரண்டு காரியங்கள் செய்தார். மருத்துவச்சிகளைக் குறை சொல்லி விரட்டாமல், அவர்களுடைய பிள்ளைகளுக்கே பேறு பார்க்கும் பயிற்சி கொடுக்க ஏற்பாடு செய்தார். இன்னொன்று, 1918-இல் தன்னுடைய முதல் குழந்தையை அதே ஆஸ்பத்திரியில் பெற்றுக்கொண்டார். ஆயிரம் நோட்டீஸ் அடித்து ஒட்டியிருந்தாலும் இதற்கு ஈடாகாது என்பது என் எண்ணம். ‘டாக்டரம்மாவே அங்கேதான் பெற்றாளாம்’ என்பது ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குத் தானாகப் போகிற செய்தி அல்லவா?

1924-இல் அவர் சமஸ்தானத்தின் தற்காலிக சர்ஜன் ஜெனரல். 1938-இல் அதே பதவி நிரந்தரமாயிற்று. 32 அரசு ஆஸ்பத்திரிகள், 40 மருந்தகங்கள் அவர் மேற்பார்வையில் இருந்தன. அமெரிக்காவில் சர்ஜன் ஜெனரல் பதவிக்கு ஒரு பெண் வந்தது 1990-இல்தான். (இரண்டும் ஒரே வேலை அல்ல, பெயர்தான் ஒன்று. இருந்தாலும் ஆண்டைக் கவனியுங்கள்.) 1975-இல் பத்மஸ்ரீ வாங்கி, அடுத்த ஆண்டு காலமானார்.

நம் பகுதிப் பெண்கள் டாக்டர்களாகவும் நர்சுகளாகவும் ஆனதற்கு அவர் ஒருவரே காரணம் என்று சொல்ல வரவில்லை. மிஷனரிகள் 1819-லேயே நாகர்கோவிலில் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கிவிட்டார்கள். நெய்யூர் ஆஸ்பத்திரி அவருக்கு மிகவும் முந்தையது. ஆனால் வெள்ளைக்காரத் துரைசானி டாக்டராக இருப்பதைப் பார்ப்பது வேறு. நம் மொழி பேசி, இங்கேயே பிறந்த ஒருத்தி அந்த நாற்காலியில் இருப்பதைப் பார்ப்பது வேறு. அதோடு, அவர் பின்னால் பயிற்சி பெற்றவர்கள் வரிசையாக வந்தார்கள்.

இப்படி வரிசை வராமல் போன கதையும் நம்மிடம் உண்டு.

1956 நவம்பர் 1-இல் நம் மாவட்டம் தமிழகத்தோடு சேர்ந்தது. அடுத்த ஆண்டே தேர்தல். குளச்சல் தொகுதியில் காங்கிரஸ் சார்பில் நின்று ஜெயித்தவர் லூர்தம்மாள் சைமன், கடற்கரை மக்களில் ஒருவர். காமராஜர் அவரை அமைச்சராக்கி உள்ளாட்சியையும் மீன்வளத்தையும் கொடுத்தார். முதல்வரையும் சேர்த்து எட்டே பேர் கொண்ட அமைச்சரவை. அதில் ஒரே பெண் அவர். சேர்ந்து ஓராண்டுகூட ஆகாத கடைக்கோடி மாவட்டத்திலிருந்து, அதுவும் கடலோரத்திலிருந்து ஒரு பெண். 1958-ஆம் ஆண்டுப் பஞ்சாயத்துச் சட்டம் நிறைவேறியதும் அந்த அமைச்சரவையின் காலத்தில்தான்.

இதைவிடப் பெரிய முன்மாதிரி வேண்டுமா? ஆனால் 1962 தேர்தலுக்குப் பிறகு அமைச்சரவையில் அவர் இல்லை. நம் மாவட்டத்திலிருந்து அடுத்த பெண் சட்டமன்றத்துக்குப் போனது 2006-இல், திருவட்டார் தொகுதியிலிருந்து லீமா ரோஸ். 1957-க்கும் 2006-க்கும் இடையே 49 ஆண்டுகள்!

“திறமை இருந்தால் யார் வேண்டாம் என்றது? பெண்கள் தாங்களே முன்வர வேண்டியதுதானே” என்று நம் பொதுக்குழுவிலும் கேட்கிறோம். 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவில் தமிழகத்தில் முதலிடம் பிடித்த மாவட்டம் இது. இங்கே 49 ஆண்டுகளாகத் திறமையுள்ள பெண் ஒருத்திகூட இல்லாமலா போய்விட்டாள்? லூர்தம்மாளைப் பார்த்துக் கட்சிக்காரர்கள் ‘ஒரு பெண் இருந்தாயிற்று’ என்று நினைத்துக்கொண்டார்களே தவிர, அடுத்தவரைத் தேடவில்லை. மருத்துவத்தில் மேரியம்மாவுக்குப் பின்னால் பயிற்சிக்கூடம் இருந்தது. அரசியலில் லூர்தம்மாளுக்குப் பின்னால் அப்படி ஒன்றும் இல்லை. நாளாக நாளாக அவர் பெயரும் பேச்சில் குறைந்துபோயிற்று. உங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளையிடம் லூர்தம்மாள் சைமன் யார் என்று கேட்டுப் பாருங்கள்.

நம் இதழில் கட்சி அரசியல் கூடாது என்ற விதி எனக்கும் தெரியும். அதனால் கட்சியை விட்டுவிட்டு ஆட்களை மட்டும் பார்ப்போம். விளவங்கோட்டில் விஜயதரணி 2011, 2016, 2021 என்று மூன்று முறை தொடர்ந்து ஜெயித்தார். அவரைப் பிடிக்கிறதோ இல்லையோ, அந்தத் தொகுதிக்காரர்கள் தங்கள் எம்.எல்.ஏ. என்று பத்தாண்டுக்கு மேல் ஒரு பெண்ணைத்தான் பார்த்தார்கள். அவர் பதவி விலகியதும் 2024-இல் இடைத்தேர்தல் வந்தது. காங்கிரஸ், அ.தி.மு.க., பா.ஜ.க., நாம் தமிழர் என்று நான்கு கட்சிகளும் அங்கே நிறுத்தியது பெண் வேட்பாளர்களையே. தாரகை கத்பர்ட் ஜெயித்தார். பெண் நின்றால் ஓட்டு விழுமா என்ற கேள்வியை அந்த முறை விளவங்கோட்டில் யாரும் கேட்கவில்லை.