தொடரியலில் ஒரு தலைப்பு தேடி

பல மொழிகளை வைத்துத் தொடரியல் ஆய்வு செய்ய வருகிறவரிடம் முதலில் கேட்கப்படுவது ‘எந்தெந்த மொழி?’ என்பது. ஜூஜுவாடி சோதனைச்சாவடிப் பக்கம் டீ குடித்தபடி யோசித்தபோது எனக்கு இந்தக் கேள்வியே கோளாறாகப் பட்டது.

‘நாளைக்கு வரேன்னு சொன்னான்.’ இந்தச் செய்தி இங்கே தமிழிலும் போகும். தெலுங்கு, கன்னடம், தக்கினி உருதுவிலும் போகும். நம்ம ‘என்று’ நிற்கிற இடத்தில் தெலுங்குக்கு ‘அனி’, கன்னடத்துக்கு ‘அன்த’, தக்கினிக்கு ‘போல்கே’. இந்தியோ ‘சொன்னான்’ என்பதை முதலில் சொல்லி, ‘கி’ போட்டு, பிறகுதான் அவன் பேச்சைத் தரும். தக்கினியின் சொல் வடக்கத்தியது. வாக்கியம் இந்த மண்ணுடையது.

இந்த வாக்கியத்துக்கு ஆய்வு வரலாற்றில் இடம் எங்கே? 1856இல் கால்டுவெல் ஒப்பிட்டது திராவிடக் குடும்பத்தை. தக்கினி அதற்கு வெளியே. 1928இல் முடிந்த கிரியர்சனின் மொழிக் கணக்கெடுப்பு சென்னை மாகாணத்துக்கும் வரவில்லை, மைசூருக்கும் போகவில்லை. எல்லையின் இரண்டு பக்கமுமே விடுபட்டது. 1956இல் எமனோ, வெவ்வேறு குடும்ப மொழிகள் பண்புகளைப் பகிர்ந்துகொள்ளும் ஒரே மொழிப்பரப்பாக இந்தியாவை விவரித்தார். அதே ஆண்டு நவம்பர் 1இல் மாநிலங்கள் மொழிவாரியாகப் பிரிந்தன. ஆய்வு அழித்த கோட்டின்மேல் அரசு கோடு கிழித்தது.

சரி, கலப்பைக் கொண்டாடிவிடலாமா? கம்பர்ஸும் வில்சனும் 1971இல் எழுதிய குப்வார் கிராமம் தடுக்கிறது. மகாராஷ்டிர–கர்நாடக எல்லை ஊர். கன்னடம் பேசும் சமணர், உருது பேசும் முஸ்லிம்கள், மராத்தி பேசும் தலித்துகள். தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்து புழங்கியதில், சொல்லுக்குச் சொல் பெயர்க்கலாம் என்கிற அளவுக்கு இலக்கணங்கள் நெருங்கிவிட்டன. ‘இது உங்க வீடு’ என்று வினையில்லாமல் நிற்கும் கன்னட வாக்கியம்கூட, மராத்தியைப் போல ‘இருக்கிறது’ சேர்த்துக்கொண்டது. ஆனால் சொற்கள் பிரிந்தே நின்றன. காரணம், வீட்டு மொழி சாதி-சமய வேலியாக இருந்தது. வாக்கியம் ஒன்றாயிற்று, மனுஷங்க ஒன்றாகவில்லை.

ஆகவே ‘நான்கு மொழிகளில் மேற்கோள் தொடர்’ என்ற தலைப்பு பாதித் தலைப்புதான். யார் யாருடன் பேச யாருடைய வாக்கியம் வளைகிறது என்பது மீதி. இன்று ஓசூர் தொழிற்பேட்டைக்கு வரும் வடமாநிலத் தொழிலாளியின் இந்தி, தக்கினியைப் போலத் தன் ‘கி’யை விடுமா? அல்லது மேஸ்திரியின் தமிழ் வளையுமா? நான் எடுத்துக்கொண்ட தலைப்பு இது. இதற்குத் தரவு இலக்கண நூலில் இல்லை, ஷிஃப்ட் விடும் நேரத்து வாசலில் இருக்கிறது.