உவர்க்கிணறும் வெள்ளாவியும்

யாழ்ப்பாணத் தீவுகளில் பங்குனி, சித்திரை மாதத்துக் கிணற்றுத் தண்ணீரில் உடுப்புத் தோய்த்தவர்களுக்குத் தெரியும்: சவர்க்காரம் நுரைக்காது. கட்டி கரையும், கை வழுக்கும், ஆனால் தண்ணீரில் வெள்ளைத் திரிகளாக ஏதோ மிதந்து துணியில் பிசுக்காக ஒட்டும். இன்னும் இரண்டு வாளி ஊற்றி அலம்பினாலும் வேட்டி மொரமொரத்துத்தான் காயும். சுண்ணாம்புக்கல்லுக்குள் ஊறி வரும் தண்ணீரின் கல்சியம் சவர்க்காரத்தோடு சேர்ந்து கரையாத பொருளாகத் திரிந்துவிடுகிறது. மிச்சக் கெடுதியை உப்புப் பார்த்துக்கொள்ளும். அந்த மண்ணில் அழுக்கோடு மல்லுக்கட்டுவதற்கு முதல் தண்ணீரோடு மல்லுக்கட்ட வேண்டும்.

வேலணை, ஊர்காவற்றுறை, புங்குடுதீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு, நெடுந்தீவு எதிலும் ஆறு இல்லை. மாரியில் பெய்வது கல்லின் இடுக்கால் இறங்கி, அடியிலுள்ள கடல்நீரின்மேல் மெல்லிய படலமாக மிதந்து நிற்கிறது. பார்த்து அள்ளினால் நல்ல தண்ணீர். அவசரப்பட்டு இறைத்தால் அடியிலிருக்கும் உவர் மேலே ஏறிவிடும். அதனால்தான் தீவார் கிணறுகளுக்குள்ளேயே தரம் பிரித்து வைத்தார்கள்: குடிக்க ஒன்று, குளிக்கவும் தோய்க்கவும் இன்னொன்று, மாட்டுக்கும் பயிருக்கும் துரவு. கரையோர மணலில் கையால் தோண்டி ஊற்றெடுக்கும் பூவல்களும் உண்டு. நெடுந்தீவு சுமார் 50 சதுர கிலோமீற்றர் பரப்புள்ள தீவு. அங்கே நல்ல தண்ணீர் என்றவுடன் ஊரார் வாயில் வரும் பெயர் சாறாப்பிட்டி.

தண்ணீரின் அருமையை வெளியாரும் இங்கே பட்டுத் தெளிந்திருக்கிறார்கள். ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் நடுவே கடலுக்குள் நிற்கும் கோட்டையை, ஒல்லாந்தர் பின்னர் ஹம்மன்ஹீல் என்று அழைத்த அந்தக் கடற்கோட்டையை, 1658இல் போர்த்துக்கேயர் இரண்டு வாரம் பிடித்து வைத்திருந்தார்கள். ஒல்லாந்தரின் குண்டுகள் உள்ளேயிருந்த தண்ணீர் ஏற்பாட்டைச் சிதைத்ததும் சரணடைய வேண்டியதாயிற்று. வென்றவர்கள் தீவுகளுக்குத் தங்கள் ஊர்ப் பெயர்களைச் சூட்டினார்கள்: வேலணைக்கு லைடன், புங்குடுதீவுக்கு மிடில்பேர்க், நயினாதீவுக்கு ஹார்லெம். நெடுந்தீவுக்கு வைத்த டெல்வ்ற் ஒன்றைத் தவிர மற்றவை அரச காகிதங்களோடு மங்கிப்போயின.

உவரோடு நடந்த இந்த மல்லுக்கட்டைத் தலைமுறை தலைமுறையாகத் தொழிலாகவே செய்தவர் கட்டாடி. வண்ணார் சமூகத்துச் சலவைத் தொழிலாளரை யாழ்ப்பாணத்தார் அப்படித்தான் அழைப்பார்கள். அவருடைய கைமுறையில் சவர்க்காரத்துக்கு இடமே இல்லை. அழுக்குத் துணியை முதலில் உவர்மண் கரைசலிலோ சாம்பல் காரத்திலோ முக்கிப் பிழிவார். அடுப்பில் பானையை ஏற்றித் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, பிழிந்த துணிகளைப் பானை வாயைச் சுற்றி அடுக்கடுக்காகக் குவித்து மூடுவார். இராமுழுக்க ஆவி துணிக்குள்ளால் ஏறும். வெள்ளாவி என்பது இதுதான். விடியப்புறம் குவியலைப் பிரித்து, சூடு ஆறுமுன்பே குளத்துக்கோ துரவுக்கோ கொண்டுபோய்க் கல்லில் அடித்து அலம்பி, வெயிலில் விரிப்பார். வேட்டிக்குக் கஞ்சி, பிற்காலத்தில் ஒரு துளி நீலம், கடைசியில் சிரட்டைக்கரி போட்ட பெட்டியால் மினுக்கல். யார் வீட்டு உடுப்பு என்று பிரித்தறியத் துணி மூலையில் சேங்கொட்டைப் பாலால் ஒரு குறி.

இதற்குள் இருக்கும் இரசாயனத்தைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். உவர்மண்ணில் இருப்பது பெரும்பாலும் சோடா, சாம்பலில் இருப்பது பொட்டாசியக் காரம். இரண்டும் தண்ணீரிலுள்ள கல்சியத்தைப் பிடித்து அடியில் படியச் செய்துவிடும். தண்ணீர் மென்மையாகும். அதே காரம் ஆவியின் சூட்டில் துணியில் ஏறிய எண்ணெயையும் வியர்வைப் பிசுக்கையும் சவர்க்காரமாகவே மாற்றிவிடும். வெளியிலிருந்து சவர்க்காரம் வாங்காமல், துணியின் அழுக்கிலிருந்தே சவர்க்காரம் செய்கிற வேலை அது. இன்றைய சலவைத் தூள்களிலும் சோடா சேர்க்கப்படுவது இதற்காகத்தான். பள்ளிக்கூடப் பாடப்புத்தகம் கட்டாடியைப் பற்றி ஒரு வரியாவது எழுதியிருக்கலாம்.

தோய்ப்பது அவர் கடமையில் பாதிதான். மற்றப் பாதி துடக்கோடு, அதாவது தீட்டோடு, சம்பந்தப்பட்டது. பிள்ளை பிறந்த வீடு, செத்தவீடு, சாமத்தியப்பட்ட பிள்ளையின் வீடு எல்லாவற்றிலும் கட்டாடி வீட்டாரின் மாற்றுத் துணி வந்தால்தான் துடக்குக் கழியும். பெண் பிள்ளை பெரியபிள்ளையானபோது உடுத்திருந்த உடுப்பு கட்டாடிப் பெண்ணுக்குப் போகும். கலியாணத்திலும் செத்தவீட்டிலும் பந்தலுக்கு வெள்ளை கட்டுவது, நடக்கிற வழியில் நிலபாவாடை விரிப்பது அவர் உரிமை, அவர் கட்டாயமும். அந்த வெள்ளை பலவேளை வேறு வீடுகளிலிருந்து தோய்க்க வந்த வேட்டிகளும் சேலைகளும்தான். தன்னுடைய வேட்டி அடுத்த தெருக் கலியாணத்தில் விதானமாகத் தொங்குவதைக் கண்டும் காணாததுபோல் இருந்துவிடுவது ஊர் நாகரிகம்.

கூலி காசாக வந்ததில்லை. அறுவடையில் ஒரு பங்கு, கொண்டாட்டத்தில் அரிசி காய்கறி, வீட்டுவாசலில் சோறு. நெல் குறைந்த தீவுகளில் அந்தப் பங்கும் குறைவாகத்தான் இருந்திருக்கும். ஊர்க் கட்டுப்பாட்டை மீறிய குடும்பத்தை அடக்க வேண்டுமானால் கட்டாடியையும் அம்பட்டரையும் மறித்துவிடுவார்கள். அந்த வீட்டில் சாவு விழுந்தால் வெள்ளை கட்ட ஆளிருக்காது. ஒரு தொழிலாளியின் உழைப்பை மற்றவர்களை மிரட்டும் ஆயுதமாக்கிவிட்டு, அந்தத் தொழிலாளியைப் பஞ்சமர் வரிசையில் நிறுத்தி, பல ஊர்களில் பொதுக் கிணற்றில் வாளி விடவும் கோயிலுக்குள் நுழையவும் தடுத்தார்கள். ஊரின் உடுப்பையெல்லாம் வெளுத்துக் கொடுத்தவர் நல்ல தண்ணீருக்கு இன்னொருவர் அள்ளி ஊற்றும்வரை காத்து நிற்க வேண்டியிருந்தது. இதற்கு எந்த மரபையும் துணைக்கு அழைத்து நியாயம் சொல்ல முடியாது. 1957இன் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் இந்தத் தடைகளைக் குற்றமாக்கியது. ஆனாலும் கிணற்றடியில் மாற்றம் வர 1960களின் போராட்டங்கள் தேவைப்பட்டன. நாவலாசிரியர் கே. டானியல் ‘தண்ணீர்’ என்று ஒரு நாவலுக்கே பெயர் வைத்தார்.

சட்டத்தைவிடச் சத்தமில்லாமல் வேலை செய்தது காசு. புங்குடுதீவு, வேலணை, நயினாதீவு ஆட்கள் கொழும்பிலும் மலையகத்திலும் கடை போட்டுப் பணம் அனுப்பத் தொடங்கிய காலத்தில் சவர்க்காரமும் கிராமத்துக் கடைக்கு வந்தது. லீவர் பிறதர்ஸ் 1938இல் இலங்கையில் நிறுவனமாகிக் கொழும்பிலேயே சன்லைட் செய்யத் தொடங்கியது. யாழ்ப்பாணத்துக்கென்று மில்க்வைற் சவர்க்காரம் இருந்தது. அதை நடத்திய கனகராசா சவர்க்காரம் விற்றதோடு நிற்காமல் பனை நாட்டச் சொல்லி ஊரூராகத் திரிந்தவர். சிறு பட்டணங்களில் ‘லோன்றி’ என்று பலகை தொங்கவிட்ட கடைகள் வந்தன. கட்டாடியின் மகன் அங்கே மேசைக்குப் பின்னால் நின்று துண்டுச்சீட்டு எழுதிக் காசு வாங்கினார். வாசலில் சோற்றுக்கு நின்றதற்கும் இதற்கும் உள்ள தூரம் பெரிது. வீட்டுப் பெண்கள் கிணற்றடியில் சீமெந்துக் கல் கட்டித் தாங்களே தோய்க்கத் தொடங்கினார்கள். வெள்ளாவி அடுப்புகள் அணைந்தன. அதோடு தண்ணீரை மென்மையாக்கும் வித்தையும் போய்விட்டதால், நுரைக்காத சவர்க்காரத்தோடு மல்லுக்கட்டும் வேலை வீட்டுப் பெண்களின் கையில் விழுந்தது.

பனைக்கும் சவர்க்காரத்துக்கும் கனகராசாவைத் தாண்டியும் ஒரு உறவு இருக்கிறது. 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டதும் வடக்குக்குப் போகும் பொருட்களுக்கு அரசு தடைவிதித்தது. 1990 ஓகஸ்டிலும் 1991 ஒக்டோபரிலும் நடந்த படை நடவடிக்கைகளால் தீவுச் சனத்தில் பெரும்பகுதி குடாநாட்டுக்குள் இடம்பெயர்ந்திருந்தது. சவர்க்காரத்துக்குத் தட்டுப்பாடு, கிடைத்ததும் நெருப்பு விலை. அப்போது கைகொடுத்தது பனம்பழம். பழத்தைத் தோலுரித்துப் பிசைந்து, தும்பிலிருந்து களியைக் கரைத்தெடுத்து அதில் உடுப்பை ஊறவைப்பார்கள். நுரைக்கும், அழுக்கும் போகும். பனங்களியில் உள்ள பிளபெலிபெரின் என்ற சப்போனின் வகைதான் காரணம். பழத்தின் கசப்பும் அதனால்தான். சவர்க்காரம்போல அது கல்சியத்தோடு திரிவதில்லை, ஆகவே உவர்க்கிணற்றுக்குத் தோதான பொருள். ஒரே ஒரு தொல்லை: வாசம் போகாது. கொடியில் காயும் சட்டையை மாடு வந்து சப்பிவிடும் என்று அந்தக் காலத்தைத் தாண்டி வந்தவர்கள் இன்றும் சிரித்துக்கொண்டே சொல்வார்கள்.

இடம்பெயர்ந்தவர்களில் பலர் அதற்கு மேலும் போனார்கள். சுவிற்சர்லாந்து அடுக்குமாடிகளில் நிலக்கீழ் அறையில் பொது மெசின். எந்த வீட்டுக்கு எந்த நாள் என்று சுவரில் அட்டவணை. அடுத்தவர் முறையில் கைவைத்தால் முறைப்பாடு வரும். ரொறன்ரோவின் சிறிய அடுக்குமாடி வீடுகளில் உடுப்பு அலுமாரியளவு இடுக்கில் கீழே தோய்க்கிறது, மேலே காயப்போடுகிறது என்று ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும். வெளியே கொடி கட்ட இடமில்லாத, பனி பெய்யும் ஊருக்கு அது சரியான ஏற்பாடுதான். திருத்தும்போதுதான் சங்கடம்: மேலே இருப்பதை இரண்டு பேர் பிடித்து இறக்காமல் கீழே இருப்பதன் மேல்மூடியைக் கழற்ற முடியாது. மேலுள்ளதில் பஞ்சு அடைத்தால் சூடு வெளியேறாது, நெருப்புக்கூடப் பிடிக்கும். அதே ஊர்களில் மண்டபம் எடுத்துச் சாமத்தியச் சடங்கு நடக்கிறது. நிலபாவாடை கடையில் வாங்கியது, விதானத்தை அலங்காரக்காரர் கட்டுகிறார், மாற்றுத் துணியைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

அந்த மெசின்கள் இப்போது ஊருக்கும் வருகின்றன. பண்ணைப் பாலமும் வாணர் பாலமும் இருப்பதால் புங்குடுதீவுவரை லொறியில் போகும். நெடுந்தீவுக்கும் நயினாதீவுக்கும் குறிகட்டுவான் இறங்குதுறையில் படகில் ஏற்ற வேண்டும். மின்சாரம் அடுத்த கேள்வி. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றும் தேசிய மின்கட்டமைப்போடு இணையாமல் டீசல் மின்பிறப்பாக்கிகளை நம்பியிருந்தவை. சூரிய ஒளியும் காற்றும் சேர்ந்த திட்டம் 2021இல் ஒரு சீன நிறுவனத்துக்குக் கொடுக்கப்பட்டு, இந்தியாவின் ஆட்சேபத்தால் நின்று, 2024 மார்ச்சில் இந்தியாவின் 11 மில்லியன் டொலர் நன்கொடையில் வேறு ஒப்பந்தமாக மாறியது. இரண்டு வல்லரசுகள் முட்டிக்கொண்டது எந்தத் தீவில் என்று கேட்டால் நெடுந்தீவார் தங்கள் தீவுக்குப் பேர்போன குதிரைகளையும் பெருக்கமரத்தையும் காட்டிச் சிரிக்கக்கூடும். உலர்த்தியை இங்கே எவரும் தேடுவதில்லை. சோளகக் காற்றில் ஒரு சாரம் காய்வதற்கு மின்சாரம் எதற்கு?

மெசினை இங்கே கெடுப்பது பழைய எதிரிதான். தண்ணீர்க் குழாய் மெசினோடு சேருமிடத்தில் விரல்நுனியளவு ஒரு வலை இருக்கும், அதில் சுண்ணாம்பு மணல் கட்டிக்கொள்ளும். சுடுநீர்ச் சுருளில் வெள்ளை ஓடு பிடித்து, சூடேற நேரமாகி, ஒருநாள் சுருள் எரிந்துபோகும். முன்பக்கம் திறக்கும் மெசின்களில் உருளையைப் பின்னால் தாங்கும் மூன்றுகை அலுமினியச் சட்டத்தை உப்பு அரிக்கும். சிற்றிக் அமிலமோ வினாகிரியோ விட்டு வெறுமனே ஓடவிட்டால் ஓடு கரையும், உப்பரிப்புக்கு அந்த மருந்தும் இல்லை. குடாநாட்டின் கிழக்குக் கரையில் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் 2024 ஓகஸ்டில் திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் தருவது அதன் திறன். தீவுகளிலும் சிறிய சுத்திகரிப்பு நிலையங்கள் இயங்குகின்றன. ஆனால் கானில் பிடித்துவந்து குடிக்கிற தண்ணீரை எந்த வீட்டிலும் மெசினுக்குள் ஊற்ற மனம் வராது. கிணற்றுத் தண்ணீரைத் தொட்டியில் ஏற்றி, ஒரு இரவு தெளியவிட்டு, கூடவே ஒரு கரண்டி சோடாத்தூள் போட்டு மெசினை ஓட்டினால் சுருள் இன்னும் கொஞ்சக் காலம் தாங்கும். கட்டாடி உவர்மண்ணில் எடுத்த அதே சரக்கு இப்போது கடையில் பக்கற்றில் கிடைக்கிறது.